கெம்பஸ் போகும் பிள்ளைக்குப் புலமைப்பரிசில்: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது?



உயர்தரப் பரீட்சை முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சார், புள்ள நல்லா பாஸ் பண்ணிருச்சி. ஸ்கொலர்ஷிப் எடுத்துக் குடுத்தீங்கன்னா படிக்க வச்சிருவேன். இல்லாட்டி முடியாதுங்க." பசறையிலும் இதையே கேட்கிறோம், மஸ்கெலியாவிலும் இதையே கேட்கிறோம். தாயும் தகப்பனும் மனதில் வைத்திருக்கும் கணக்கு இது: திறமை இருந்தால் புலமைப்பரிசில் கிடைக்கும், புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புச் செலவு முழுவதும் தீர்ந்துவிடும், கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கில் மூன்று இடத்தில் பிழை இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஏனென்றால் இந்தப் பிழையான கணக்கினால், இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிடுகிற பிள்ளைகள் நம் பகுதியில் உண்டு. அதேபோல, கிடைக்காத இடத்துக்கு நகையை அடகு வைத்துக் காசு கட்டிய குடும்பங்களும் உண்டு.

முதலில் பெரிய விஷயத்தைச் சொல்லிவிடுவோம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளை படிப்புக்கட்டணம் கட்டத் தேவையில்லை. கன்னங்கராவின் காலத்தில், 1945ஆம் ஆண்டு, இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. அந்த இலவசம் தோட்டப் பிள்ளைகளுக்கு எட்டுவதற்கு வெகுகாலம் பிடித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். இருந்தாலும் இன்று பேராதனையிலோ, பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ, யாழ்ப்பாணத்திலோ, கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்தால், விரிவுரைக்கும் ஆய்வுகூடத்துக்கும் நூலகத்துக்கும் ஆகும் செலவை அரசாங்கமே ஏற்கிறது. தனியார் கல்லூரிகளில் இலட்சக்கணக்கில் வாங்கும் காசு அது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அவர்கள் ஊரில் திறமைப் புலமைப்பரிசிலுக்காக ஓடித் திரிவதும் பெரும்பாலும் இந்தப் படிப்புக்கட்டணத்துக்காகத்தான்.

ஆகவே உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய புலமைப்பரிசில் அந்த இடமேதான். அதற்கு மேல் கிடைக்கிற மகாபொல, பர்சரி, கம்பனிக்காரர் தரும் உதவி எல்லாம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கொப்பிக்குமான கைக்காசு. கைக்காசு கிடைக்கவில்லை என்று இடத்தை விடுவது, கொழுந்துக் கூடைக்குக் கயிறு இல்லை என்று மலைக்கே போகாமல் நிற்பது மாதிரி.

இடம் கிடைப்பது எப்படி?

இதைப் பல பெற்றோர் சரியாக விளங்கிக்கொள்வதில்லை. "மூணு பாடமும் பாஸ்" என்றால் கெம்பஸ் கிடைத்துவிட்டது என்று கேக் வெட்டிவிடுகிறோம். ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தி, பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. இது விண்ணப்பம் போடுவதற்கான தகுதி மட்டும்தான். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையில் இந்தத் தகுதியைப் பெற்றவர்கள் நாடு முழுவதும் சுமார் 166,000 பேர். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருடத்துக்கு எடுப்பதோ நாற்பதினாயிரத்துச் சொச்சம். நாலு பேர் தகுதி பெற்றால் ஒருவருக்கு இடம், மூன்று பேர் வெளியே என்று மோட்டாவாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒவ்வொரு பாடத்திலும் மற்ற எல்லாப் பிள்ளைகளோடும் ஒப்பிட்டு உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டுகிற கணக்கு அது. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு, இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி நாலும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. கண்டி, மாத்தளை, கேகாலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கூடுதலான காலம் படித்தது என்பதைப் பார்த்தே அதன் மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. லயத்து முகவரியைப் பார்த்து அல்ல. சாதாரண தரம் எழுதியதும் "கண்டியில பெரிய ஸ்கூல், கொழும்புல நல்ல டியூஷன்" என்று பிள்ளையை அனுப்பிவிடுகிற பெற்றோர் இதை யோசிப்பதே இல்லை. அந்தப் பிள்ளை அதன்பிறகு நுவரெலியாப் பிள்ளையாகப் போட்டியிடுவதில்லை. கண்டி, கொழும்புப் பிள்ளைகளின் வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். ஊரில் விஞ்ஞானப் பிரிவே இல்லை என்றால் வேறு வழியில்லைதான், போகத்தான் வேண்டும். ஆனால் அட்டனில் இருக்கிற பிரிவையே வெளியில் போய்ப் படிப்பதென்றால் இரண்டு தரம் யோசியுங்கள்.

கலைப்பிரிவின் பெரும்பாலான பாடநெறிகளுக்கு மாவட்டக் கணக்கு இல்லை, அகில இலங்கைத் திறமை வரிசைதான். நம்ம பிள்ளைகளில் அதிகம் பேர் படிப்பது கலைப்பிரிவு. "பின்தங்கிய மாவட்டம்தானே, குறைந்த புள்ளிக்கும் கிடைத்துவிடும்" என்று அவர்கள் நம்பியிருக்கக் கூடாது.

மகாபொலவும் பர்சரியும்

இடம் கிடைத்த பிறகு வரும் உதவிகளில் எல்லோருக்கும் தெரிந்தது மகாபொல. லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்தபோது, 1981இன் 66ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்ட நிதியம் அது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று திறமைக்கு, மற்றது சாதாரணம். சாதாரண வகை குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது.

திறமைக்குக் கிடைப்பது பெரிய தொகையாக இருக்கும் என்று நினைக்கிறோம் அல்லவா? 2025 வரை பல வருடமாகச் சாதாரண மகாபொல மாதம் 5,000 ரூபாவாகவும், திறமை மகாபொல 5,050 ரூபாவாகவும் இருந்தன. வித்தியாசம் ஐம்பது ரூபா. ஒரு பிளேன்டீயும் வடையும். அகில இலங்கையிலும் முன்னுக்கு வந்த பிள்ளைக்குக் கௌரவமே தவிர, காசில் பெரிய வித்தியாசம் இல்லை. "எம் புள்ளைக்கு மெரிட் கிடைக்கல" என்று தலையில் கைவைத்து உட்கார வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம். தோட்டக் குடும்பத்துக்கு உரிய கதவு திறமைக் கதவை விட வருமானக் கதவுதான். அது அகலமானது.

2025 ஏப்ரல் மாதம் தொடங்கி மகாபொல 5,000இலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000இலிருந்து 6,500 ரூபாவாகவும் கூட்டப்பட்டது. மகாபொல கிடைக்காத வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பர்சரி. இரண்டையும் ஒரே பிள்ளை எடுக்க முடியாது. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதமும் கிடைக்காது, பத்துத் தவணைதான். விரிவுரைக்கு ஒழுங்காகப் போகாவிட்டால், பரீட்சையில் தவறினால் நின்றுபோகும்.

இந்த 7,500 ரூபா எவ்வளவு தூரம் ஓடும்? 2024 செப்டம்பரில் தீர்மானித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால் அது ஐந்தரை நாள் பேருக்குச் சமம். பேராதனையில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளையும் கென்டீனில் சாப்பிட ஒரு நாளைக்கு 500 ரூபா என்றால் மாதம் 15,000. போட்டோ கொப்பி, போன் டேட்டா, சவர்க்காரம், மருந்து எல்லாம் சேர்த்து 4,000. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போக ஓராயிரம். கூட்டினால் 20,000. இதில் 7,500ஐக் கழித்தால் மிச்சம் 12,500 வீட்டிலிருந்து போக வேண்டும். உங்கள் பிள்ளை சமைத்துச் சாப்பிட்டால் குறையும், விடுதி கிடைக்காமல் வெளியில் அறை எடுத்தால் கூடும். தொகை மாறலாம். மகாபொல மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்குகிறது என்பதைப் பாருங்கள்.

இன்னொன்று, காசு வரும் நேரம். பிள்ளை கெம்பஸுக்குப் போன முதல் மாதமே மகாபொல கைக்கு வராது. விண்ணப்பங்களைப் பரிசீலித்து, பெயர்ப்பட்டியல் போட்டு, வங்கிக் கணக்குக்கு முதல் தவணை சேருவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுவது வழக்கம். நிலுவை பிறகு சேர்ந்து வரும். ஆனால் அந்த முதல் மாதங்களில்தான் மெத்தை, வாளி, சப்பாத்து, பதிவுக் காசு என்று செலவும் சேர்ந்து வருகிறது. எங்கள் அனுபவத்தில் தோட்டப் பிள்ளைகள் கெம்பஸிலிருந்து திரும்பி வருவது இந்த நாலைந்து மாதத்தில்தான். பாடம் கடினம் என்று வந்தவர்களை விட, "அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு கஷ்டம் குடுக்கிறது" என்று வந்தவர்கள் அதிகம். வீட்டில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். பிள்ளை கேட்கவில்லை.

வேறு எங்கே கேட்கலாம்?

நமக்கென்றே உள்ள பழைய நிதியம் ஒன்று இருக்கிறது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், 1947இல் ஏற்பட்டது. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அதை நடத்துகிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் உதவி கொடுக்கிறார்கள். பெற்றோர் தோட்டத் தொழிலாளி என்பதே இங்கே தகுதி. விளம்பரம் பத்திரிகையில் வரும், பாடசாலைகளுக்கும் வரும். முடிவுத் திகதி போன பிறகு விளம்பரம் வந்த பேப்பரைக் கொண்டுவந்து எங்களிடம் நீட்டுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். அந்தப் பேப்பரைப் பெரும்பாலும் கடையில் வடை சுற்றித்தான் கொடுத்திருப்பார்கள்.

உயர்தரம் படிக்கும் காலத்துக்கு ஜனாதிபதி நிதியத்தின் புலமைப்பரிசிலும் உண்டு. 2022/23 திட்டத்தில் ஒவ்வொரு கல்வி வலயத்திலிருந்தும் 30 பிள்ளைகளைத் தெரிந்து, மாதம் 5,000 ரூபா வீதம் 24 மாதத்துக்குக் கொடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது வலயம் என்ற சொல். அட்டன் வலயத்துப் பிள்ளை அட்டன் வலயத்துப் பிள்ளையோடுதான் போட்டி. கொழும்புப் பிள்ளையோடு அல்ல. இந்த மாதிரி உள்ளூர் வட்டத்துக்குள் நடக்கும் தெரிவுகளில் நம்ம பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவையே சித்தி பெறுவது இதற்கெல்லாம் அடிப்படை. அதை இப்போதே ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

தோட்டக் கம்பனிகள், தேயிலை ஏற்றுமதிக்காரரின் நிதியங்கள், கோயில் சபைகள், தேவாலயங்கள், லயன்ஸ் கழகம், பழைய மாணவர் சங்கம், தொழிற்சங்கம் என்று சிறிய உதவிகள் பல இருக்கின்றன. சிலவற்றில் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம், சிலவற்றில் ஒரே தடவையாக ஒரு தொகை. "அதென்ன பிச்சைக் காசு" என்று ஒரு தகப்பனார் எங்களிடமே கேட்டார். அவருடைய பிள்ளை அந்தப் படிவத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டது. மேலே போட்ட கணக்கில் இரண்டாயிரம் என்பது நாலு நாள் சாப்பாடு. இந்தச் சிறிய உதவிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களும் குறைவு. பெரிய புலமைப்பரிசிலுக்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும்போது தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டிய சின்ன விளம்பரத்துக்கு ஐந்து பேர் நிற்கிறார்கள். எதற்கு முயற்சி செய்தால் பலன் அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் படிவத்தில் "வேறு உதவி பெறுகிறீர்களா?" என்று கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்து எழுதிப் பிடிபட்டால் இரண்டும் போகும்.

இந்தியாவுக்குப் போய்ப் படிக்கும் புலமைப்பரிசில் பற்றி நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் இரண்டும் உயர்தரம் முடித்தவர்களுக்கு. மௌலானா ஆசாத் பட்டம் முடித்தவர்களுக்கு. படிப்புக்கட்டணம், தங்குமிடத்துக்கு உதவி, மாதப்படி கிடைக்கும். உண்மையிலேயே முழுச் செலவையும் தாங்கும் புலமைப்பரிசில் என்றால் இதுதான். அதனாலேயே நாடு முழுவதும் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் விண்ணப்பிக்கிறார்கள். மருத்துவப் படிப்பு இதில் அடங்காது. விண்ணப்பியுங்கள், ஆனால் இதை நம்பி உள்ளூரில் கிடைத்த இடத்துக்குப் பதியாமல் இருக்க வேண்டாம். இதற்கு இடைத்தரகர் யாரும் கிடையாது. "உள்ளுக்க ஆள் இருக்கு, ஐம்பதாயிரம் குடுத்தா எடுத்துத் தாறேன்" என்று யாராவது வந்தால் அவர் எடுத்துத் தரப்போவது உங்கள் ஐம்பதாயிரத்தை அவருடைய பைக்குள்தான்.

"அரைவாசி புலமைப்பரிசில்" விளம்பரங்கள்

முடிவு வந்ததும் தனியார் கல்லூரிகளின் விளம்பரங்கள் நகரத்துச் சுவரெல்லாம் ஒட்டப்படும். "உயர்தரத்தில் மூன்று சித்தியா? உங்களுக்கு 50 வீதப் புலமைப்பரிசில்!" பார்த்தவுடன் பிள்ளையின் முகம் மலர்கிறது. விலையை முதலில் இரண்டு மடங்காகப் போட்டு, பிறகு அரைவாசி கழிப்பது தீபாவளிச் சேலைக் கடையிலும் நடக்கிறது. எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்காதீர்கள். கடைசிப் பட்டம் கைக்கு வரும்வரை மொத்தமாக நான் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். பதிவுக் காசு, பரீட்சைக் காசு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் காசு என்று தனித்தனியாக வருவது பெரும்பாலும் அந்தப் "புலமைப்பரிசிலுக்குள்" அடங்காது. அந்தப் பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும் அன்றைக்குத்தான் இது சிலருக்குத் தெரியவருகிறது. அதற்குள் அம்மாவின் சேமலாப நிதியில் எடுத்த காசு முடிந்திருக்கும்.

தனியார் பட்டப்படிப்புக்கு அரசாங்கம் 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தையும் சிலர் புலமைப்பரிசில் என்று சொல்கிறார்கள். வட்டியில்லை என்பது பெரிய உதவிதான், சந்தேகமில்லை. இருந்தாலும் அது கடன். திருப்பிக் கட்ட வேண்டும்.

கெம்பஸ் கிடைக்காத பிள்ளை

நாலில் மூன்று பேரின் கதை இது, ஆகவே இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி நமக்கெல்லாம் தெரியும். உயர்தரப் பெறுபேற்றின்படி எடுக்கிறார்கள். கட்டணமில்லை, தங்கிப் படிக்கலாம், மாதப்படியும் உண்டு, முடித்தால் ஆசிரிய நியமனம். தங்கிப் படிக்கும் காலத்தில் பிள்ளையின் சாப்பாட்டுக்கு யோசிக்க வேண்டியதில்லை என்ற வகையில் பார்த்தால் இது மகாபொலவை விடப் பெரிய புலமைப்பரிசில். கண்டியிலும் பதுளையிலும் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் கணக்கியல், ஆங்கிலம் போன்ற உயர் டிப்ளோமாக்களை முழுநேரமாக இலவசமாகப் படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்துக்குக் காசு கட்ட வேண்டும், ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம், கண்டியில் பிராந்திய நிலையம் இருக்கிறது. உயர்தரம் மூன்று தடவை எழுதலாம் என்பதும் தெரிந்ததே. இரண்டாம் தடவை எழுதுவதா இல்லையா என்பதற்கு எங்கள் அபிப்பிராயம் இது: வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்த பிள்ளை எழுதட்டும். வெகுதூரத்தில் நின்ற பிள்ளை வேறு படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதட்டும். ஒரு வருடம் முழுக்க லயத்தில் உட்கார்ந்து எழுதுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

காத்திருக்கும் காலம்

2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கி பெப்ரவரியில் முடிந்தது. முடிவு வந்தது செப்டம்பரில். அதன்பிறகு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு. பரீட்சை எழுதிய கையோடு கெம்பஸ் வாசலுக்குப் போக முடியாது, ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிடுகிறது. இந்த இடைவெளியில் ஆம்பிளைப் பிள்ளைகள் கொழும்புக்குக் கடைக்குப் போகிறார்கள். கையில் மாதாமாதம் காசு பார்த்துப் பழகிய பிறகு திரும்பிப் படிக்க வருவது கஷ்டம். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை, வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். போகிற பிள்ளை சம்பாதிக்கும் காசில் ஒரு பங்கு கெம்பஸுக்கு என்று முதலிலேயே பேசி வையுங்கள். பொம்பிளைப் பிள்ளை என்றால் இந்த இடைவெளியில்தான் கல்யாணப் பேச்சு வருகிறது. இடம் கிடைத்த பிள்ளைக்கு மாப்பிள்ளை ஓடிப்போக மாட்டார், இடம் ஓடிப்போகும்.

இன்னொரு கணக்கு. பிள்ளை உயர்தர வகுப்புக்குப் போன மாதம் தொடங்கி மாதம் 2,000 ரூபா சீட்டாகவோ, வங்கியிலோ, சனசமூகக் கூட்டுறவிலோ பிள்ளையின் பெயரில் போட்டு வந்தால், படிக்கும் இரண்டு வருடமும் காத்திருக்கும் ஒரு வருடமும் சேர்த்து 36 மாதத்தில் 72,000. மேலே பார்த்த 12,500 பற்றாக்குறைக்கு அது ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். மகாபொல வந்து சேரும்வரை உள்ள அந்த முதல் மாதங்களைத் தாண்ட இது பெரிதும் உதவும். ஒருவரும் தராத புலமைப்பரிசில் இது, ஒருவரும் நிறுத்தவும் முடியாது.

கடுதாசி வேலை

மகாபொலவோ பர்சரியோ கம்பனி உதவியோ, எல்லாவற்றுக்கும் வருமானத்தைக் காட்ட வேண்டும். தோட்டத்து ஆபீஸில் சம்பளச் சிட்டையும் கடிதமும், கிராம சேவகரின் உறுதி, பிரதேச செயலகத்தின் ஒப்பம் என்று மூன்று படி. ஒரு நாளில் முடியாது. கிராம சேவகருக்குத் தோட்டத்தோடு சேர்த்து நாலைந்து டிவிஷன் இருக்கும், அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளை விசாரித்துப் போங்கள். வேலைநாள் குறைந்த மாதத்துச் சிட்டையை மட்டும் பொறுக்கிக் கொடுப்பது புத்திசாலித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். கிளாக்கர் ஐயாவுக்கும் தெரியும், அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும். தோட்டக் குடும்பத்தின் வருமானத்தைக் குறைத்துக் காட்டத் தேவையே இல்லை, உள்ளதைக் காட்டினாலே போதும். படிக்கிற மற்றப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

நம்ம பகுதியில் அதிகமாகத் தடக்குவது பெயரில். பிறப்பத்தாட்சியில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். தகப்பனார் பிறப்பத்தாட்சியில் இராமசாமி, சம்பளச் சிட்டையில் ராமன். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடக் குறைய. இருபது வருடத்துக்கு முன் யாரோ அவசரத்தில் எழுதியது, இன்றைக்குப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குக் காசு வராமல் நிற்கிறது. பிறப்பத்தாட்சித் திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கலாம். முடிவு வந்த பிறகு ஓடுவதை விட, பிள்ளை சாதாரண தரம் எழுதுவதற்கு முன்பே தாய், தகப்பன், பிள்ளை மூவரின் பத்திரங்களையும் மேசையில் பரப்பி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து விளங்காவிட்டால் எங்கள் நலன்புரி உத்தியோகத்தர் டிவிஷனுக்கு வரும் நாளில் கொண்டுவாருங்கள். மூலப்பிரதியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம், போட்டோ கொப்பி போதும்.